இரண்டாவது கேள்வி

என்னை எடுத்த படங்களில் நன்றாக விழுந்த படம் ஒன்றே ஒன்றுதான். மக்களவையின் நடுவில் நிற்கிறேன். வலது கையில் ஒரு அட்டை, இடது கை மேலே, வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. தொலைக்காட்சியில் ஓடியதை யாரோ அப்படியே நிறுத்தி எடுத்த படம். மற்ற படங்களிலெல்லாம் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டோ, யாருக்கோ தையல் மிஷின் கொடுத்துக்கொண்டோ அசட்டுச் சிரிப்புடன் நிற்பேன். இந்தப் படத்தில் மட்டும் ஏதோ பெரிய காரியம் செய்கிறவளாகத் தெரிவேன். கட்சிக்காரர்கள் இதைத்தான் சுவரொட்டியில் போட்டார்கள். வடமதுரைக்கு இந்தப்புறம், ரயில் பாதையை ஒட்டிய ஒரு கிராமத்தில், பூ எடை போடும் கொட்டகையில் இதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் கோபம் படத்தில் இருப்பவள் மீதுதான், மற்றவர்களெல்லாம் அப்புறம்.

நான் அரசியலுக்கு வந்தது ஒரு சின்னக் கதை. திண்டுக்கல்லில் எங்களுக்கு உரக்கடை. கல்லாவில் உட்கார்ந்தது நான்; கொள்முதலுக்கு அலைந்தது என் கணவர். எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியதும் கட்சிக்காரர்கள் நாலு பேர் கடைக்கு வந்தார்கள். நான் எதிரே உட்கார்ந்திருக்க, என் கணவரிடம், "அண்ணே, வீட்ல அம்மா பேரக் குடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். அவர், "அவ பேரு அவகிட்டத்தான இருக்கு, அவளையே கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டு மூட்டையை இறக்கப் போய்விட்டார். அந்த ஒரு பதிலுக்காக அவரை எத்தனையோ விஷயங்களில் மன்னித்திருக்கிறேன். அவர்களுக்குத்தான் கடைசிவரை அது புரியவில்லை. கவுன்சிலராகி, ஒன்றியத்தில் அலைந்து, பத்து வருடம் கழித்து எம்.பி.யும் ஆகிவிட்டேன். அப்போதும் அதிகாரிகள் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலைங்களா மேடம்?" என்று கேட்பார்கள். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் முதல் நாற்காலியை அவருக்குப் போட்டார்கள். அவர் கூச்சப்பட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து எந்த அலுவலகத்துக்குள்ளும் அவர் வந்ததில்லை.

படம் மாட்டியிருக்கும் அந்தக் கிராமத்துப் பூக்காரப் பெண்மணி எனக்குக் கடைக்காலத்துப் பழக்கம். முக்கால் ஏக்கரில் மல்லிகை போட்டிருப்பவள். எனக்கு இரண்டு மூன்று வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மொட்டுப்புழுவுக்கு மருந்து வாங்க வந்தால், போன தடவை கொடுத்த மருந்து ஏன் கேட்கவில்லை என்று அரை மணி நேரம் சண்டை பிடித்துவிட்டு அதே மருந்தை வாங்கிக்கொண்டு போவாள். என்னை "மொதலாளியம்மா" என்பாள். நான் எம்.பி.யான பிறகும் மொதலாளியம்மாதான். ஊரே மாண்புமிகு போட்டபோது அவள் மட்டும் கடைப் பெயரிலேயே கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

அவர்கள் ஊருக்குள் போக முன்பு ரயில்வே கேட் இருந்தது. கேட்டை மூடிவிட்டுத் தண்டவாளத்துக்கு அடியில் சப்வே தோண்டினார்கள். பள்ளம் தோண்டினால் தண்ணீர் நிற்கும் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். தோண்டியவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. ஒரு நல்ல மழை பெய்தால் ஒரு வாரத்துக்குச் சப்வே குளமாகிவிடும். ஊர்ப் பெண்கள் சப்வே சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். கீழ்க்கோடு முழங்கால், அடுத்தது தொடை, அதற்கு மேல் இடுப்பு. முழங்கால் என்றால் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போகலாம். தொடை என்றால் நடக்க மட்டும்தான். இடுப்புக் கோடு முழுகிவிட்டால், கரையேறி ஜல்லிக்கல்லில் கால் வைத்து, தலையில் பூ மூட்டையுடன் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும்.

தாண்டாமல் வீட்டில் இருக்கலாமே என்று ஓர் அதிகாரி என்னிடமே கேட்டார். மல்லிகை அப்படிப்பட்ட சரக்கு இல்லை. இருட்டு பிரிவதற்குள் மொட்டாகப் பறித்து, வெயில் ஏறுவதற்குள் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்க வேண்டும். மலர்ந்துவிட்டால் எடை போடக்கூட ஆள் வரமாட்டார்கள். இதையெல்லாம் பொறுமையாக அவருக்கு விளக்கினேன். குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று தெரியாது.

ரயில்வேக்குக் கடிதம் எழுதினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே வரியை வேறு ஒருவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நேரில் போனேன், டீ கொடுத்தார்கள். அப்போதுதான் கேள்வி நேரத்தை நம்ப ஆரம்பித்தேன்.

கேள்வி நேரம் என்றால் எழுந்து நின்று கேட்டுவிட்டு உட்காரலாம் என்றுதான் எம்.பி.யாவதற்கு முன் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பதினைந்து நாளுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கல் போடுவார்கள். அதில் வருகிற இருபது கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போட்டு அந்த நாளின் பட்டியலில் சேர்ப்பார்கள். அந்த இருபதிலும் முதல் நாலைந்துதான் அவையில் வாய்விட்டுக் கேட்கப்படும். அதற்குள் ஒரு மணி நேரம் முடிந்துவிடும். மற்றதற்கெல்லாம் தாளில் பதில் வரும். தாளில் வரும் பதிலால் பிரயோஜனம் இல்லை. வாய்மொழிக் கேள்வியில்தான் அமைச்சர் பதில் சொன்ன பிறகு இரண்டு துணைக்கேள்வி கேட்கலாம். அமைச்சர் எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும். என் ஐந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த உண்மையான ஆயுதம் இந்தத் துணைக்கேள்வி ஒன்றுதான். கிடைத்தது என்பதைவிட, கிடைத்திருக்க வேண்டியது.

நாலு வருடம் குலுக்கலுக்கு எழுதிப் போட்டேன். ஒன்றும் விழவில்லை. ஐந்தாவது வருடம், மழைக்காலக் கூட்டத்தொடரில், ஒரு புதன்கிழமைப் பட்டியலில் என் கேள்வி இரண்டாவதாக வந்தது. பட்டியலைப் பார்த்துவிட்டு டெல்லி வீட்டின் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். தமிழிலேயே கேட்பேன் என்று மொழிபெயர்ப்புக்கு எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி முன்னால் பத்து தரம் சொல்லிப் பார்த்தேன். ஊருக்குப் போன் போட்டு, "புதன்கிழமை காலைல பதினோரு மணிக்கு எல்லாரும் டிவி பாருங்க, நம்ம சப்வே வருது" என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

புதன்கிழமை காலை ரயில்வே அமைச்சகத்தின் பதில் கைக்கு வந்தது. சப்வேயில் நீர் தேங்குவதாகப் புகார் ஏதும் இல்லை. நீரை வெளியேற்ற மோட்டார் பொருத்தப்பட்டுள்ளது. அவ்வளவுதான். உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, சப்வேகிட்ட மோட்டார் இருக்கா?"

"இருக்கே மொதலாளியம்மா. ஒரு ரூம்பு கட்டி உள்ள வச்சிருக்காக."

"ஓடுதா?"

"கரண்டு ஒயரே இழுக்கலயே, எங்கிட்டு ஓடும்? எங்க வீட்டுக் கோழி அதுக்கு மேலதான் அடைபடுத்துக் கெடக்கு."

எனக்கு அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பழைய துணைக்கேள்விகளை அடித்துவிட்டு ஒரே வரி எழுதினேன். 'அந்த மோட்டாருக்கு மின் இணைப்பு கொடுக்கப்பட்டிருக்கிறதா?' இருக்கிறது என்றால் பொய். இல்லை என்றால் எப்போது என்று அடுத்ததைக் கேட்கலாம். எப்படிப் பார்த்தாலும் தப்பிக்க வழி கிடையாது.

பத்தரை மணிக்கு எங்கள் கட்சி உறுப்பினர்களை நாடாளுமன்றக் குழுத் தலைவர் கூட்டினார். அன்று அவையை நடத்தவிடக் கூடாது, பதினோரு மணி அடித்ததும் எல்லோரும் நடுவில் இறங்கிக் கோஷம் போட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. எதற்காக என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். நியாயமான விஷயம்தான். அதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

"அண்ணே, என் கேள்வி ரெண்டாவது. பதினஞ்சு நிமிஷம் பொறுத்து எறங்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் ரொம்ப அன்பான மனிதர். "அம்மா, உங்க கேள்வி எங்க போயிடப்போவுது? எழுத்துல பதில் வந்துரும்ல" என்றார்.

"வந்துருச்சுண்ணே. அது பொய்யா இருக்கு."

"அப்ப கடுமையா ஒரு லெட்டர் போடுவோம். இந்த அட்டையப் பிடிங்க."

வாங்கிக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு இறங்கினோம். சபாநாயகர் அன்று லேசில் ஒத்திவைக்கவில்லை. கூச்சலுக்கு நடுவிலேயே முதல் கேள்வியை முடித்துவிட்டு என் பெயரைக் கூப்பிட்டார். நான் அவருக்குப் பத்தடி முன்னால், அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். "உறுப்பினர் தன் இடத்துக்குப் போய்க் கேட்கலாம்" என்றார். என் இருக்கை நாலு வரிசை பின்னால் இருந்தது. எதிர் வரிசையில் அமைச்சர் தாளுடன் எழுந்துகூட நின்றுவிட்டார். நான் திரும்பிக் குழுத் தலைவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். தேர்தலுக்கு ஒரு வருடம்கூட இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் கோஷத்தை ஏற்றினார்கள். நானும் வாயைத் திறந்தேன். அந்தப் படம் அப்போது எடுத்ததுதான்.

சபாநாயகர் இரண்டாவது முறையும் என் பெயரைக் கூப்பிட்டார். பிறகு அவையை ஒத்திவைத்தார்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. அந்தப் பக்கம் ஒரே சத்தம், நடுவில் வெடிச் சத்தம் வேறு. அக்காதான்.

"மொதலாளியம்மா, பாத்தோம். ஊரே கொட்டகையில உக்காந்து பாத்துச்சு. யாத்தே, எம்புட்டு ஆவேசம். அந்தாளு ரெண்டு தரம் உங்க பேரச் சொல்லி மெரட்டுறாரு, நீங்க நவுரலயே. நம்ம சப்வேக்கு இம்புட்டுச் சத்தம் போட இதுவர ஆளு வந்ததில்லன்னு எல்லாரும் சொல்றாக."

அவர்கள் மேல் என்ன தப்பு? பதினோரு மணிக்கு நம்ம சப்வே வருது என்று சொன்னவள் நான். பதினோரு மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கத்திக்கொண்டிருந்தேன். அட்டையில் இருந்தது இங்கிலீஷ். வேறு எதற்காகக் கத்துவேன் என்று அவர்கள் நினைத்திருக்க முடியும்?

"சரிக்கா, நான் ஊருக்கு வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கே இது சமாதானமாகத்தான் தெரிகிறது.

ஊர் திரும்பியபோது சப்வே முனையிலேயே காரை நிறுத்திவிட்டார்கள். ஆளுயர மல்லிகை மாலை. முதல் பறிப்பில் கட்டியது என்று அக்கா சொன்னாள். மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய பூ என் கழுத்தில் கனத்தது. அவர்கள் அந்த மாதக் கடைசியில் திருச்சி ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்வதாக இருந்தார்கள், நோட்டீஸ்கூட அடித்திருந்தார்கள். "இனிமே எதுக்கு மறியல்? எம்.பி.யம்மா டெல்லியிலயே கேட்டாச்சு" என்று ஊர்க்கூட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். கூட வந்த கட்சி மாவட்டச் செயலாளர் காதோரம் குனிந்து, "பாத்தீங்களாம்மா, ஒரே சத்தத்துல ஒரு மறியல் காலி" என்றார். மைக் கொடுத்தார்கள். வாங்கி நன்றி சொன்னேன். சப்வே சுவரில் அந்த மூன்று கோடுகளும் தெரிந்தன.

அந்த மறியல் நடந்திருந்தால் ஒரே நாளில் ஒயர் இழுத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் பேருந்து நின்றால் அதிகாரி வருவார். மனு எத்தனை போட்டாலும் வரமாட்டார். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நன்றி சொன்னேன்.

குழுத் தலைவர் சொன்ன கடுமையான கடிதத்தை எழுதாமல் இல்லை. மோட்டாருக்கு மின் இணைப்பு இல்லை என்று புகைப்படத்தோடு எழுதினேன். கோழியும் அதில் விழுந்திருந்தது. பதில் சீக்கிரமே வந்தது. மாண்புமிகு உறுப்பினரின் இதே பொருள் குறித்த கேள்விக்கு ஏற்கெனவே அவையில் பதில் தாக்கல் செய்யப்பட்டுவிட்டது, அதைப் பார்க்கவும். நாலு வருடம் தவம் கிடந்து வாங்கிய கேள்வியை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார்கள். அன்று ஒரு நல்ல பேனாவை உடைத்தேன்.

அந்த வருடம்தான் தொகுதிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று சட்டமும் போட்டோம். நானும் ஓட்டுப் போட்டேன். கைதட்டிக் கை சிவந்துவிட்டது. எப்போது அமலுக்கு வரும் என்பதை மட்டும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதிப் பிரிப்பு என்று தள்ளி வைத்திருந்தார்கள். எனக்குச் சப்வே மோட்டார்தான் ஞாபகம் வந்தது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. இடுப்புக் கோடு முழுகியது. மூன்றாம் நாள் காலை அக்கா பூ மூட்டையுடன் கரையேறி, ஈர ஜல்லியில் வழுக்கித் தண்டவாளத்தின் மேல் விழுந்தாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. ரயில் எதுவும் வரவில்லை. அன்று பறித்த பூவெல்லாம் ஜல்லியில் கிடந்தது என்று அவள் மகள் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாவுக்கட்டோடு படுத்திருந்தவள், "மொதலாளியம்மா, ஒயரு இழுக்க அவுக எப்ப வருவாக? நீங்கதான் கேட்டாச்சே" என்றாள்.

"வந்துருவாங்கக்கா. சொல்லியாச்சு" என்றேன்.

கட்சிக்காரர்கள் வாசலில் பழக்கூடையுடன் நின்றிருந்தார்கள். என்னால் வேறு வார்த்தை சொல்ல முடியவில்லை. முடியவில்லை என்பதா, சொல்லவில்லை என்பதா? சொல்லவில்லை.

மாசி முடிவதற்குள் எனக்குச் சீட்டு இல்லை என்று தெரிந்துவிட்டது. மாவட்டச் செயலாளரே வீட்டுக்கு வந்து சொன்னார். ஜெயிக்கிற ஆள் வேண்டுமாம். "அதான் சட்டமே போட்டாச்சேம்மா. அது அமலுக்கு வரட்டும், அப்ப உங்களுக்கு இல்லாத தொகுதியா?" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். போகும்போது என் கணவரைத் தேடி, "அண்ணே, அம்மாவச் சமாதானப்படுத்துங்க" என்று அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். கணவர் வண்டிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அந்த வாரமே அக்கா ஊருக்குப் போனேன். சீட்டு இருந்திருந்தால் போயிருப்பேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டுதான் போனேன். கோடைத் தொடக்கம், சப்வே காய்ந்து கிடந்தது. மோட்டார் அறை பூட்டியிருந்தது. கொட்டகையில் என் படத்துக்கு அன்றும் ஒரு முழம் பூ போட்டிருந்தார்கள். அக்கா வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் பூவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டு அவிழ்த்து மாதமாகியும் விரல்கள் மடங்கவில்லை. மல்லிகை பறிக்க அந்த விரல்கள்தான் வேண்டும். பறிப்புக்கு ஆள் விட்டிருப்பதாகச் சொன்னாள்.

"செத்த இருங்க, காப்பி போடச் சொல்றேன்" என்று எழப்போனவளை உட்கார வைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அன்று நான் கத்தியது சப்வேக்காக இல்லை என்பதை, என் இடத்துக்குப் போயிருந்தால் கேட்டிருக்கலாம் என்பதை, அமைச்சர் பதில் சொல்ல எழுந்து நின்றதை, நான் போகாததை. மறியலை நிறுத்தியபோது தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்ததையும், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும். இடையில் அவள் பூவைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கடையில் ஒரு பாக்கெட் மருந்துக்கு அரை மணி நேரம் சண்டை போட்டவள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கையிலிருந்த பூவைப் போட்டுவிட்டுச் சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப வேற என்னத்துக்கோ கத்துனீக."

"ஆமாக்கா."

"அம்புட்டுச் சத்தம் போட்டீகளே. அதாச்சும் கெடச்சுச்சா?"

துணைக்கேள்வி கேட்பது எப்படி என்று டெல்லியில் புது உறுப்பினர்களுக்கு வகுப்பு நடத்துவார்கள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். இவளுக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தில் பதில் கொடுத்துவிட்டுப் போகவும் வழியில்லை.

"இல்லக்கா" என்றேன். "அதுவும் கெடைக்கல."